பில்லுல லோகோ வந்துடுச்சு!

வணக்கம் மக்களே! முகத்தைப் பார்த்தாலே தெரியும், நான் தூங்கி மூணு நாளாச்சு. ஆனா செம சந்தோஷம். சித்தப்பா கடைக்குப் பண்ணின பில் ஆப் ஞாபகம் இருக்குல்ல? அதுல 'படமா சேமி' பட்டன் திரும்ப வேலை செய்யுது!

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை டெயில்விண்டை, அதாவது பக்கத்தோட நிறம், அளவெல்லாம் பார்த்துக்கிற சிஎஸ்எஸ் டூலை, வெர்ஷன் 4-க்கு மாத்தினேன். உடனே பட்டன் செத்துப்போச்சு. ப்ரௌசர் எரர் காட்டுற கன்சோல்ல சிவப்பா ஒரே வரி: 'ஓகேஎல்சிஎச்'னு ஒரு கலர் ஃபங்ஷன் புரியலையாம். டெயில்விண்ட் 4-ல கிட்டத்தட்ட எல்லா நிறமும் அந்த முறையிலதான் எழுதியிருக்கு. பில்லைப் படமா மாத்த நான் போட்டிருந்த லைப்ரரி எச்டிஎம்எல்2கேன்வாஸ் 1.4.1, 2022-ல வந்தது. அதுக்கு அது தெரியாது.

ஏன் தெரியணும்னு கேட்பீங்க. அது போட்டோ எடுக்கலைங்க! வெப் பேஜ்ல இருக்கிற ஒவ்வொரு எலிமென்ட்டோட ஸ்டைலையும் படிச்சு, கேன்வாஸ்ல, அதாவது ப்ரௌசருக்குள்ள இருக்கிற வரையற பலகையில, தானே முதல்லேர்ந்து வரையுது. நிறத்தைப் படிக்க முடியலன்னா அங்கேயே நின்னுடும். எச்டிஎம்எல்2கேன்வாஸ்-ப்ரோன்னு அதோட ஃபோர்க் (அதே கோடை எடுத்துத் தனியா வளர்க்கிற பதிப்பு) ஒண்ணு இருக்கு, அது இந்த நிறங்களைப் படிக்கும். இம்போர்ட்ல ஒரு வரி மாத்தினேன், முடிஞ்சுது.

முடிஞ்சுதுன்னு நினைச்சேன். படம் வந்துச்சு, லோகோ இல்ல! சித்தப்பாவுக்கு அந்த மயில் லோகோ உயிரு. மயில் இல்லாத பில்லை அவர் யாருக்கும் அனுப்ப மாட்டார். லோகோ வேற டொமைன்ல இருக்கு, அதான் காரணம். வேற டொமைன் படத்தையும் வரைய விடுற 'அலவ்டெயின்ட்' ஆப்ஷனை ட்ரூன்னு வெச்சேன், திரையில மயில் வந்துச்சு. சேமிக்கப் போனா செக்யூரிட்டி எரர். எனக்கு இந்த ஆப்ஷனே பிடிக்கல, ஆசை காட்டி ஏமாத்துது. ஆனா அந்தத் தடை நியாயமானது. இல்லன்னா எந்த சைட் வேணும்னாலும் நீங்க லாகின் பண்ணியிருக்கிற வேற சைட்டோட படத்தைக் கேன்வாஸ்ல போட்டு, பிக்சல் பிக்சலா படிச்சிடும்.

சரியான வழி, சர்வரோட அனுமதியோட படத்தை எடுக்கிற 'யூஸ்கோர்ஸ்' ஆப்ஷனை ட்ரூன்னு வைக்கிறது. அது மட்டும் போதாது, படம் இருக்கிற சர்வரும் 'இந்த சைட் இதைப் படிக்கலாம்'னு சொல்ற 'ஆக்சஸ் கன்ட்ரோல் அலவ் ஆரிஜின்' ஹெடர் அனுப்பணும். இது ரெண்டும் சேர்ந்த அந்த நிமிஷம், ராத்திரி 2 மணி, மயில் தோகையோட வந்து நின்னுச்சு பாருங்க! கத்திட்டேன், அம்மா எழுந்து வந்துட்டாங்க.

'திரையையே பிடிக்கிற ப்ரௌசர் வசதி கெட்டிஸ்ப்ளேமீடியா இருக்கே, அதைப் போடலாமே, நிஜத் திரையே கிடைக்குமே'ன்னு தோணும். கிடைக்கும். ஆனா ஒவ்வொரு தடவையும் எந்தத் திரையைப் பகிரணும்னு ப்ரௌசர் கேட்கும், போன் ப்ரௌசர்ல கிடைக்கவும் கிடைக்காது. சித்தப்பா கையில இருக்கிறது போன்தான்.

அய்யோ, ஒண்ணு விட்டுட்டேன்! படம் எடுக்கிறதுக்கு முன்னாடி 'டாக்குமென்ட் டாட் ஃபான்ட்ஸ் டாட் ரெடி'க்கு அவெயிட் போடுங்க, அதாவது ஃபான்ட் இறங்கி முடியற வரைக்கும் காத்திருக்கச் சொல்லுங்க. இல்லன்னா தமிழ் ஃபான்ட் இறங்கறதுக்குள்ள வேற எழுத்துல வரைஞ்சிடும். அப்புறம் ஸ்கேல் 3, அதாவது படத்தை மூணு மடங்கு பெருசா வரையச் சொல்றது. என் பழைய லேப்டாப்ல 1-லயே எடுத்து, விலையெல்லாம் மங்கலா இருந்துச்சு. இப்ப பாருங்க, துவரம்பருப்புக்குப் பக்கத்துல இருக்கிற அரை கிலோ கூட பளிச்சுன்னு தெரியுது. இருங்க, ஜூம் பண்ணிக் காட்டுறேன்.