இரத்தம் தொடும் முகம்

செட்டிநாட்டு நேயர்களுக்கு வணக்கம்.

ஆத்தங்குடிக் கல் வார்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். கண்ணாடிப் பலகைமேல் வண்ணச் சிமெண்ட்டை ஊற்றுகிறார்கள். கண்ணாடியைத் தொட்ட முகம் பளபளக்கும், பின்பக்கம் சொரசொரக்கும். ஒரே கல்லுக்கு இரண்டு முகம்.

இரத்தக் குழாய்க்குள் செருகும் மெல்லிய குழாயான கதீட்டருக்கான பாலியூரித்தேன் பிளாஸ்டிக்கும் அப்படித்தான். கரைத்துக் கண்ணாடித் தட்டில் ஊற்றிப் படலமாக உலர்த்தினால், காற்றுப் பக்கத்தில் அதன் மூலக்கூறுச் சங்கிலியின் நெகிழ்வான மென்பகுதிகள் மேலேறி அடர்ந்துவிடும். கண்ணுக்கு இரு பக்கமும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் உரிக்கும்முன்பே ஒரு மூலையைக் கத்தரித்து அடையாளம் வைத்துவிட வேண்டும். அதை மறந்தால், பிறகு வரும் அளவு எதையும் நம்ப முடியாது.

இவ்வளவு கவனம் எதற்கு? இரத்தம் பட்ட சில வினாடிகளில் புரதங்கள் படிந்துவிடுகின்றன. அவற்றில் ஒன்றான ஃபைப்ரினோஜென் உருமாறிப் படிந்த இடத்தில், இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒட்டும், உறைவு தொடங்கும். இதையெல்லாம் தீர்மானிப்பது மேலே உள்ள சில நானோமீட்டர்தான். பரப்பை அகச்சிவப்பு ஒளியால் ஆராயும் ஏடிஆர் கருவி ஏறக்குறைய ஒரு மைக்ரான் ஆழம் பார்க்கும். இந்த வேலைக்கு அது அதிகம். எக்ஸ்-கதிர் பட்டு வெளியேறும் எலக்ட்ரான்களை அளக்கும் எக்ஸ்-கதிர் ஒளிமின்னணு நிறமாலைக் கருவி 10 நானோமீட்டருக்குள் நிற்கும். அதில் 102 எலக்ட்ரான் வோல்ட் அருகே, சேர்க்காத சிலிக்கான் தலைகாட்டினால், அச்சுக்குத் தடவிய சிலிகோன் எண்ணெய் மேலே படிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இந்த எக்ஸ்-கதிர்க் கருவி வெற்றிடத்தில் அளக்கிறது. வெற்றிடத்தில் உள்ளே ஒதுங்கும் நீர்விரும்பித் தொகுதிகள், நனைந்ததும் மேலே திரும்புகின்றன. எனவே உப்புக் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்து, படலத்தைத் தலைகீழாக அமிழ்த்தி, அடியில் காற்றுக் குமிழி விட்டு, அது பரப்பைத் தொடும் கோணமான தொடுகோணத்தை அளப்பது நல்லது. உலர்ந்த படலத்தில் சொட்டு வைத்து அளந்த கோணம் மட்டும் போதாது.

தட்டணுச் சோதனைக்கு, இரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் 3.2 சதவீத சோடியம் சிட்ரேட் ஒரு பங்குக்கு இரத்தம் ஒன்பது பங்கு. குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், குளிர்ந்தால் தட்டணு தன் தட்டையான வட்டு உருவை இழந்துவிடும். இரத்தத்திலிருந்து பிரித்த, தட்டணு மிகுந்த பிளாஸ்மா நீர்மத்தைப் படலத்தின்மேல் 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்கிறோம். பெரும்பாலும் கெடுவது அடுத்த படியான கழுவலில்தான். படலத்தை வெளியே எடுத்துக் கழுவினால், காற்றும் நீரும் சேரும் விளிம்பு மேற்பரப்பைக் கடந்து போகும்போது, ஒட்டிய தட்டணுக்களையும் வழித்துக்கொண்டு போய்விடும். மோசமான பொருளும் நல்லதுபோலத் தெரியும். ஆகவே படலம் கரைசலுக்குள்ளேயே இருக்க, பழைய கரைசலைக் கொஞ்சங்கொஞ்சமாக மாற்றிக் கழுவி, 2.5 சதவீத குளுட்டரால்டிஹைடில் நிலைப்படுத்துங்கள்.

நுண்ணோக்கியில் எண்ணிக்கையோடு உருவத்தையும் குறியுங்கள். உருண்டையாக உட்கார்ந்த பத்தைவிட, கால் பரப்பிப் படர்ந்த மூன்று ஆபத்தானவை. இந்தக் கணக்கை இரண்டு முகத்துக்கும் தனித்தனியே எடுக்க வேண்டும்.