வேடிக்கை பார்க்க இடமில்லாத வட்டம்

அவைத்தலைவர் அவர்களே, நடன ஆசிரியர்களே, உடற்கல்வி ஆசிரியர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நடனமும் விளையாட்டும் ஒன்றாகி, பார்க்க வந்தவர்களையும் தன்னுள் இழுத்துக்கொள்ளும் நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேசுமாறு கேட்டிருக்கிறீர்கள். இன்று பல நாடுகளின் அரங்குகளில் இவை புதுமை என்ற பெயரோடு நடைபெறுகின்றன. நான் அந்தப் புதுமைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகாமல், பிரேசில் நாட்டின் பாகியா மாநிலத்தில், அதன் தலைநகரான சால்வதோரின் தெருக்களில் வளர்ந்த கப்போயிரா என்னும் ஒரே கலையை எடுத்துக்கொண்டு பேச விரும்புகிறேன். பார்வையாளர் பங்கேற்பு என்று நாம் இன்று தேடி அலைவது, அங்கே நெடுங்காலமாக ஆட்டத்தின் அடிப்படை விதியாகவே இருந்து வருகிறது.

முதலில் ஆட்டம் நடக்கும் முறையைப் பார்ப்போம். மக்கள் வட்டமாக அமர்கிறார்கள் அல்லது நிற்கிறார்கள். ஹோடா என்று பெயர் பெற்ற அந்த வட்டத்தின் ஒரு பக்கத்தில் இசைக்குழு இருக்கும். பழைய மரபான அங்கோலா முறையில் அது எட்டுக் கருவிகள் கொண்டது: வில் வடிவக் கருவியான பெரிம்பாவு மூன்று, கஞ்சிராவைப் போன்ற பாந்தேய்ரோ இரண்டு, இரட்டை மணி ஒன்று, உரசி ஒலி எழுப்பும் மூங்கில் கருவி ஒன்று, உயரமான முழவு ஒன்று. ஆட வரும் இருவரும் நடுவில் நிற்கும் பெரிம்பாவுக் கலைஞரின் காலடியில் எதிரெதிரே குந்துகிறார்கள். ஒருவர் தனித்துப் பாடும் நீண்ட தொடக்கப் பாடல் முடியும்வரை யாரும் அசையக் கூடாது. பின்னர் அவர் ஓர் அடி பாட, வட்டம் முழுவதும் மறு அடி பாடும். அந்த மறு அடி எழுந்த பிறகுதான் ஆட்டம் தொடங்கலாம். இருவரும் கைகுலுக்கி, பல்டி போன்ற ஒரு சுழற்சியில் உள்ளே நுழைகிறார்கள்.

ஆட்டத்தின் அடிப்படை ஜிங்கா என்னும் ஓயாத அசைவு. ஒரு காலைப் பின்னே வைத்து, எடையை மாற்றி, மறு காலைப் பின்னே வைத்து, உடல் எப்போதும் தாளத்தில் ஊசலாடும். அதிலிருந்துதான் உதை பிறக்கிறது. அதற்குள்தான் தப்பித்தலும் மறைந்திருக்கிறது. உதை வரும்போது அதைக் கையால் தடுத்து நிறுத்துவதைவிடக் குனிந்தும், தரையோடு தாழ்ந்தும், உருண்டும் அதன் வழியிலிருந்து விலகுவதே சிறப்பு. எதிராளியின் ஊன்றிய காலைத் தன் காலால் வாரிவிடும் வாய்ப்புக் கிடைத்தும், வாராமல் காட்டிவிட்டு விடுபவர்களே தேர்ந்த ஆட்டக்காரர்களாக மதிக்கப்படுகிறார்கள். எனவே இது சண்டையா, நடனமா, விளையாட்டா என்ற கேள்விக்கு அங்குள்ளவர்கள் ஒற்றை விடை சொல்வதில்லை. ஆடுபவர்களை அவர்கள் விளையாடுகிறவர்கள் என்றே குறிப்பிடுகிறார்கள். ஆனால் புள்ளியும் கிடையாது, வென்றவரும் கிடையாது.

பெரிம்பாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வட்டத்தின் ஆட்சி அதன் கையில்தான் இருக்கிறது. நம்முடைய வில்லுப்பாட்டின் வில்லை நிமிர்த்திப் பிடித்து, குடத்துக்குப் பதிலாக ஒரு சுரைக்குடுக்கையை அதன் கீழ்ப்பகுதியில் கட்டியதுபோல் அது இருக்கும். ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள மரக்கழியை வளைத்து எஃகுக் கம்பி பூட்டியிருப்பார்கள். அந்தக் கம்பி பெரும்பாலும் பழைய வாகன டயரிலிருந்து உரித்தெடுத்தது. குடுக்கையைக் கட்டிய கயிற்றுக்குள் இடக்கையின் சுண்டு விரலை நுழைத்து, கருவியின் முழு எடையையும் அந்த ஒரு விரலில் தாங்குகிறார்கள். அதே கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் ஒரு கல்லையோ நாணயத்தையோ பிடித்துக் கம்பியில் அழுத்திச் சுருதியை மாற்றுகின்றன. வலக்கையில் மெல்லிய குச்சியும், விதைகள் நிரம்பிய சிறு கிலுகிலுப்பைக் கூடையும் இருக்கும். குடுக்கையின் வாய் வயிற்றில் படும்போது ஒலி மூடும், விலகும்போது திறக்கும். பழகாதவர்களுக்குச் சில நிமிடங்களிலேயே சுண்டு விரல் மரத்துப்போகும்.

மூன்றில் மிகத் தாழ்ந்த சுருதியுள்ள குங்கா என்னும் பெரிம்பாவே தலைமைக் கருவி. அதை மெஸ்த்ரே எனப்படும் ஆசானோ அவர் ஒப்படைத்தவரோ வாசிப்பார். அவர் அங்கோலா என்ற தாளத்தை வாசித்தால் ஆட்டம் தாழ்ந்து, நெருங்கி, மெதுவாக நடக்கும். சாவ் பென்து கிராந்தி என்ற தாளத்துக்கு மாறினால் உதைகள் உயர்ந்து வேகம் கூடும். ஆட்டம் சூடேறிக் கோபமாக மாறும் அறிகுறி தெரிந்தால், அவர் ஒரே சுரத்தை அடுத்தடுத்து அடித்து ஆட்டக்காரர்களைத் தம் காலடிக்கு அழைத்துக்கொள்வார். விசில் ஊதும் நடுவர் அங்கே இல்லை. இசைதான் நடுவர்.

ஆனால் இசை அந்த எட்டுக் கலைஞர்களுடையது மட்டுமாக இருந்தால் நான் இதை இங்கே பேச எடுத்திருக்க மாட்டேன். வட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் மறு அடி பாடக் கடமைப்பட்டவர்கள். குரல் தளர்ந்தால் ஆட்டமும் தளர்கிறது என்பதால், பாடாமல் வாயை மூடி அமர்ந்திருப்பவரை ஆசான்கள் வெளிப்படையாகவே கண்டிப்பார்கள். பாடுபவர் நடக்கும் ஆட்டத்துக்கு ஏற்ற அடிகளைத் தேர்ந்தெடுத்து, ஒருவரின் தந்திரத்தைப் பாராட்டவும், இன்னொருவரின் அவசரத்தை எச்சரிக்கவும், விழுந்தவரைச் சீண்டவும் செய்வார். வட்டம் அதையே திரும்பப் பாடும்போது அந்தத் தீர்ப்பு எல்லோருடைய தீர்ப்பாகிவிடுகிறது. இதற்கும் மேலே, ஆட்டத்தை வாங்குதல் என்றொரு வழக்கம் பல குழுக்களில் உண்டு. வட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, இருவருக்கும் இடையே கை நீட்டி நுழைந்து, ஒருவரை வெளியேற்றி அவர் இடத்தை எடுத்துக்கொள்கிறார். வெளியேறியவர் வட்டத்தில் அமர்ந்து பாடத் தொடங்குகிறார். இப்படி ஒரே மாலையில் ஒருவரே ஆடுபவராகவும், பாடுபவராகவும், வாசிப்பவராகவும், பார்ப்பவராகவும் இருக்கிறார்.

1835இல் வெளியான ஜெர்மானிய ஓவியர் ருகெந்தாஸின் படத்தொகுப்பில் கப்போயிராவைக் காட்டும் ஓர் அச்சுப்படம் இருக்கிறது. அதில் பெரிம்பாவு இல்லை. இருவர் எதிரெதிரே நிற்கிறார்கள், ஒருவர் முழவின் மேல் அமர்ந்து வாசிக்கிறார், சுற்றிலும் மக்கள். கருவிகள் பின்னால் மாறியிருக்கின்றன. சுற்றி நிற்கும் மக்கள் அன்றிலிருந்தே இருக்கிறார்கள். அவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களின் வழிவந்தவர்களும் ஆவர். 1888இல் அடிமை முறை ஒழிந்தது. இரண்டே ஆண்டுகளில், 1890ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம், தெருவிலும் பொதுவெளியிலும் கப்போயிரா ஆடுவதைச் சிறைக்குரிய குற்றமாக்கியது. விடுதலை பெற்ற மனிதன் தெருவில் கூடி ஆடுவதைக்கூட ஆட்சியாளர்கள் அஞ்சினார்கள். குதிரைக் காவலர் வருவதை எச்சரிக்கும் தாளம் என்று காவலாரியா என்ற ஒரு தாளத்தை இன்றும் சொல்லிக் கற்பிக்கிறார்கள்.

அந்த அவப்பெயரிலிருந்து இக்கலையை மீட்டவர்களில் இருவர் முதன்மையானவர்கள். மெஸ்த்ரே பிம்பா 1932இல் சால்வதோரில் பயிற்சிக்கூடம் திறந்து, பயிற்சிகளை வரிசைப்படுத்தி, மாணவர்களுக்கு முறையான பாடமாகக் கற்பித்தார். 1937இல் அவருடைய பள்ளிக்கு அரசு ஏற்பு கிடைத்தது. மெஸ்த்ரே பாஸ்திஞ்ஞா 1941இல் அங்கோலா முறைக்கான மையத்தை வழிநடத்தத் தொடங்கினார். தம் மாணவர்களுக்கு மஞ்சளும் கறுப்புமான உடையை அவர் தந்தது, தாம் விரும்பிய இப்பிரங்கா கால்பந்துக் கழகத்தின் நிறங்களை நினைந்து. இருவரும் புகழ் பெற்றார்கள். இருவரும் வறுமையில் இறந்தார்கள். பாகியா தம்மைக் கைவிட்டதாக மனம் கசந்து வெளியேறிய பிம்பா 1974இல் கொயானியா நகரில் காலமானார். பாஸ்திஞ்ஞா பார்வை இழந்து 1981இல் மறைந்தார். கலையைக் கொண்டாடும் ஒரு நாடு கலைஞனைக் காக்கத் தவறியதை நினைக்கும்போது எனக்கு ஆறுதல் கிடைப்பதில்லை.

1972இல் பிரேசில் அரசு கப்போயிராவை விளையாட்டாக அறிவித்தது. போட்டிகளும் மதிப்பெண்களும் வந்தன. இதனால் இளைஞர் பலர் கற்றார்கள் என்பது உண்மை. ஆனால் மதிப்பெண் வழங்கும் நடுவர் வந்து அமர்ந்ததும், தீர்ப்புச் சொல்லும் உரிமை வட்டத்தின் பாட்டிலிருந்து அவருடைய தாளுக்குப் போய்விடுகிறது என்பதே என் கவலை. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் நடனம் சேர்க்கப்பட்டபோதும் இதே கேள்வி எழுந்தது. தெருவில் ஒருவரையொருவர் சூழ்ந்து ஆடிய அந்த நடனம், கொங்கோர்து சதுக்கத்தில் ஒன்பது நடுவர் முன் ஐந்து அளவுகோல்களால் மதிப்பிடப்பட்டது. ஆட்டம் அருமையாக இருந்தது. சுற்றியிருந்தவர்கள் மாடத்தில் அமர்ந்து கைதட்டினார்கள், ஆனால் அவர்களில் எவரும் எழுந்து உள்ளே போக முடியாது.

பிரேசிலின் பண்பாட்டு மரபுத் துறை 2008இல் இந்த ஆபத்தை உணர்ந்தே செயல்பட்டது எனக் கருதுகிறேன். அது பதிவு செய்தவை இரண்டு: ஒன்று கப்போயிரா வட்டம், மற்றொன்று ஆசான்களின் பணி. 2014இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்ததும் வட்டத்தைத்தான். உதைகளையும் சுழற்சிகளையும் காணொளி பார்த்துக் கற்றுவிடலாம். கூடிப் பாடும் மனிதர்கள் இல்லாவிட்டால் அவை வெறும் உடற்பயிற்சி.

இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பார்வையாளரைப் பங்கேற்கச் செய்கிறோம் என்று சொல்லி, கூட்டத்திலிருந்து கூச்சத்தோடு நெளியும் ஒருவரை மேடைக்கு இழுத்து, நான்கு அடி ஆடவைத்து, எல்லோரும் சிரித்த பிறகு திருப்பி அனுப்பும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது அவரைக் காட்சிப்பொருளாக்குகிறது. அவருக்கு வேலை கொடுங்கள். அவர் செய்யாவிட்டால் ஆட்டம் நிற்கும் என்ற அளவுக்கு உண்மையான வேலையைக் கொடுங்கள். நாற்காலி வரிசைகளை அகற்றி வட்டமாக அமர்த்துங்கள். நிகழ்ச்சி தொடங்கும் முன் அரை மணி நேரம் ஒதுக்கி, கைத்தட்டின் தாளத்தையும் மறு அடியையும் வந்திருக்கும் அனைவருக்கும் சொல்லிக்கொடுங்கள். ஆடுபவர்கள் அந்தக் குரல் எழும்வரை குந்தியே காத்திருக்கட்டும். நேரமில்லை என்று அமைப்பாளர்கள் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் ஆட்டத்தில் அரை மணி நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், இதைக் குறைக்காதீர்கள்.

நன்றி, வணக்கம்.