குளிர்காலக் கீரைக்கு ஆகஸ்டிலேயே விதை போடுங்கள்: பாலிடனல் சாகுபடி

[காட்சி: டிசம்பர் மாதக் காலை. வெளியே புல்லெல்லாம் வெள்ளை உறைபனி. பாலிடனலுக்குள் பச்சைப் பாத்திகள்.]

வணக்கம். இங்கிலாந்தில் பாலிடனல், அதாவது கம்பி வளைவுகள் மேல் பாலித்தீன் ஷீட் போர்த்திய சுரங்க வடிவக் கூடாரம், வைத்திருப்பவர்களில் பலர், அக்டோபரில் கடைசித் தக்காளியைப் பறித்ததும் கதவைச் சாத்திவிடுகிறார்கள். அப்புறம் மார்ச்சில்தான் திறக்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே மனசு கேட்காது. அதே இடத்தில் குளிர்காலம் முழுக்கக் கொத்தமல்லியும் பாலக்கும் கடுகுக்கீரையும் பறிக்கலாம்.

குளிர்காலம் என்றதும் எல்லோரும் குளிருக்குத்தான் பயப்படுகிறார்கள். செடிக்குப் பெரிய தட்டுப்பாடு வெளிச்சம். லண்டனில் அக்டோபர் கடைசி வாரத்தில் பகல் 10 மணி நேரத்துக்குக் கீழே போய்விடும். பிப்ரவரி நடுவில்தான் மறுபடி 10 மணி நேரத்தைத் தொடும். டிசம்பர் 21-ஐ ஒட்டி 8 மணி நேரம்கூடக் கிடையாது. இந்த மூன்றரை மாதமும் செடி உயிரோடு இருக்கும், ஆனால் வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுவிடும். அதனால் அக்டோபர் முடிவதற்குள் செடி ஓரளவு பெரிதாகியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு நாம் பறிப்பதில் பெரும்பகுதி முன்பே வளர்ந்து நிற்கும் இலைதான்.

கணக்கைப் பின்னோக்கிப் போடுங்கள். பாலக், சுவிஸ் சார்ட், கேல் மூன்றும் ஆகஸ்டில். கொத்தமல்லி, மிசுனா என்கிற ஜப்பானியக் கீரை, கடுகுக்கீரை, பாக் சோய் எல்லாம் செப்டம்பர் முதல் பாதியில். அக்டோபரில் விதைத்தால் முளைக்கும். ஆனால் இரண்டு இலையோடு பிப்ரவரி வரை அப்படியே நிற்கும். முளைக்கீரையை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அது வெயில் பயிர், முதல் உறைபனியிலேயே கருகிவிடும்.

[காட்சி: குழித்தட்டில் நாற்றுகள். பின்னால் இன்னும் காய் தொங்கும் தக்காளிக் கொடிகள்.]

இங்கேதான் ஒரு சிக்கல். செப்டம்பரில் பாத்தி முழுக்கத் தக்காளி நிற்கும். காய் தொங்குகிற கொடியைப் பிடுங்க யாருக்கு மனம் வரும்? அதனால் கீரையைக் குழித்தட்டில் விதைத்து வெளியே வளர்த்துக்கொண்டே இருங்கள். அக்டோபர் முதல் வாரத்தில் தக்காளியைத் தயங்காமல் எடுத்துவிட்டு, அன்றைக்கே நாற்றை நடுங்கள். பச்சைக் காயில் தொக்குப் போடலாம். செடிக்குச் செடி ஒரு சாண் இடைவெளி கட்டாயம். நெருக்கி நட்டால் காற்று நுழையாமல் சாம்பல் பூஞ்சணம் வந்துவிடும்.

நடுவதற்கு முன் பாலித்தீன் ஷீட்டையும் கழுவிவிடுங்கள். தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். பச்சைப் பாசி படிந்த ஷீட், கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் தின்றுவிடும்.

சரி, உறைபனி? மேகமில்லாத இரவில் ஒற்றை ஷீட் போட்ட பாலிடனலின் உள்ளே, வெளியைவிட ஒன்றிரண்டு டிகிரிதான் கூடுதலாக இருக்கும். பாலிடனலின் உண்மையான லாபம் வேறு: காற்றும் மழையும் இலையைக் கிழிப்பதில்லை. கடும் குளிர் வரும் இரவுகளில் பாத்தியில் சின்னக் கம்பி வளைவுகளை நிறுத்தி, அவற்றின் மேல் தோட்டத் துணியான ஃபிளீஸைப் போர்த்துங்கள். துணி இலையைத் தொட வேண்டாம். காலையில் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

[காட்சி: அருகில், உறைந்த பாலக் இலை. தரையோடு தொய்ந்து, கண்ணாடி போலப் பளபளக்கிறது.]

இந்த இலையைப் பாருங்கள். செத்துவிட்டது என்றுதான் தோன்றும். செல்களுக்கு உள்ளிருக்கும் தண்ணீர் வெளியே வந்து இடைவெளிகளில் உறைந்திருக்கிறது. உள்ளே மிஞ்சிய சாற்றில் சர்க்கரை அதிகம், அதனால் அது எளிதில் உறைவதில்லை. குளிர்காலப் பாலக் தித்திப்பதும் அந்தச் சர்க்கரையால்தான். இப்போது பறித்தால் கையில் கூழாகும். தொடாமல் விடுங்கள். வெயில் ஏறினால் நிமிர்ந்துவிடும், அப்புறம் பறியுங்கள்.

பறிக்கும்போது வெளி இலைகளை மட்டும் எடுங்கள். நடுக்குருத்தும் அதைச் சுற்றிய சின்ன இலைகளும் இருக்கட்டும். ஜனவரியில் ஒரு செடிக்கு ஒன்றிரண்டு இலைக்கு மேல் ஆசைப்படாதீர்கள். செடிகளைக் கூடுதலாக நட்டு, சுற்றிச் சுற்றிப் பறிப்பதுதான் வழி.

தண்ணீர் விஷயத்தில் கை அடக்கம் வேண்டும். டிசம்பர், ஜனவரியில் மண்ணை விரலால் தோண்டிப் பாருங்கள். உள்ளேயும் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். அதுவும் காலையில், வேரடியில். குளிர்காலத்தில் செடியைக் கொல்வது பெரும்பாலும் ஈரமும் அசையாத காற்றும்தான். ஷீட்டின் உட்புறம் வியர்த்துச் சொட்டுகிறதா? கதவைத் திறந்துவிடுங்கள். குளிராக இருந்தாலும் பகலில் திறக்கலாம். புயல் எச்சரிக்கை வந்த நாளில் மட்டும் இறுக்கிச் சாத்துங்கள். பனி கொட்டினால் மென்மையான துடைப்பத்தால் உடனே தள்ளிவிடுங்கள், பாரத்தில் கம்பி வளைந்துவிடும்.

பிப்ரவரி பாதியைத் தாண்டியதும் செடிகள் மறுபடி வளரத் தொடங்கும். மார்ச்சில் நீங்கள் பறித்து முடிப்பதற்குள் அடுத்த இலை தயாராகிவிடும். அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கும் அளவுக்கு வரும். அசுவினி வரத் தொடங்குவதும் அப்போதுதான், குருத்தின் அடியில் தினமும் பாருங்கள். ஏப்ரலில் மிசுனாவும் கடுகும் பூத்தண்டு விடும். அந்தத் தண்டையும் பொரியல் செய்யலாம். மே மாதம் தக்காளி நாற்றுக்குப் பாத்தி வேண்டும், அதற்குள் எல்லாவற்றையும் அறுத்து எடுத்துவிடுங்கள்.