கூட வந்தவர்

நேயர்களுக்கு வணக்கம்.

மனநலப் பிரிவுக்குப் புதிதாக ஒருவர் வந்தால் கேஸ் ஷீட் எழுதுவோம். அதில் நோயாளியின் விவரத்துக்குக் கீழே 'இன்ஃபார்மன்ட்' என்று ஒரு வரி இருக்கும், அதாவது தகவல் சொல்பவர். நோயாளிக்கு என்ன உறவு, எத்தனை வருடமாகக் கூட இருக்கிறார், அவர் சொல்வதை நம்பலாமா, அவ்வளவுதான். அந்த வரியில் இருப்பது பெரும்பாலும் மனைவி, இல்லையென்றால் அம்மா. மனநல சமூகப் பணியாளராக நான் உட்கார்ந்து பேசுவது அதிகமும் அவர்களோடுதான்.

"மேடம், ரசத்துல கலந்து குடுத்துட்டேன்." இதை ஒரு பெண்ணிடம் அல்ல, பல பெண்களிடம் கேட்டிருக்கிறேன். 'குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்' என்று சுவர் விளம்பரம் பார்த்திருப்பீர்கள். அப்படித் தெரியாமல் கொடுக்கப்படும் மருந்துகளில் டைசல்ஃபிராமும் ஒன்று. நல்ல மருந்துதான். ஆனால் அதன் மேல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கும், உயிரே போகலாம். அதனால் எடுப்பவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். கணவர் மயங்கி விழுந்த பிறகு அந்தப் பெண் என் முன்னால் உட்காரும்போது திட்ட மனசு வராது. பத்து வருடம் எதுவும் பலிக்காமல் போனபின் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டவர் அவர்.

இன்னொன்று, கார்த்திகை மாதம் பிறந்தால் நாங்கள் எதிர்பார்த்திருப்பது. தினமும் நிறையக் குடிப்பவர் சபரிமலைக்கு மாலை போட்டு ஒரே நாளில் நிறுத்துவார். வீடே சந்தோஷப்படும். முதல் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் கை நடுங்கும், தூக்கம் போகும், இல்லாத பூச்சி சுவரில் ஊரும். சிலருக்கு வலிப்பு வரும். வீட்டில் சிலர் சாமி வந்திருக்கிறது என்பார்கள், சிலர் பேய் என்பார்கள். மூளை பழகிய சாராயம் திடீரென்று நின்றதால் வந்த கோளாறு அது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய அவசரம். மாலை போட வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. டாக்டரைப் பார்த்துவிட்டுப் போடுங்கள் என்கிறேன்.

சரி, மனநோய்க்கு வருவோம். 1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், மனநல மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய ஆண்களைப் பின்தொடர்ந்து பார்த்தார். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களுக்கு, தனியாக வாடகை அறையில் தங்கியவர்களைவிட அதிகமாக நோய் திரும்பியிருந்தது. ஓயாத குறைகூறல், வெறுப்பு, அளவுக்கு மீறிய பொத்திப் பொத்தி வளர்ப்பு ஆகியவற்றைப் பிற்கால ஆய்வுகள் காரணமாகக் காட்டின. இதைப் பாதி படித்துவிட்டு அம்மாக்கள் மேல் பழி போட்டவர்கள் நிறைய. எனக்கு அது பிடிப்பதில்லை. மகன் மூன்று மாதம் குளிக்காமல் இருந்தால் எந்தத் தாய் குரல் உயர்த்தமாட்டாள்? சோம்பலாகத் தெரிவதும் நோயின் பகுதிதான் என்று யாராவது அவளுக்குச் சொன்னார்களா? அதைச் சொல்லத்தான் எங்களுக்குச் சம்பளம்.

நம் நாட்டில் இதற்கு வேறொரு வழியும் பிறந்தது. அதே 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் வளாகத்திலேயே கூடாரம் அடித்து, குடும்பத்தினரையும் நோயாளியோடு தங்க வைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்திலும் உறவினர் ஒருவர் கூடவே தங்கும் வழக்கம் உண்டு. கூடத் தங்கினால் பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள். நாங்களும் அவர்களிடம் கற்றுக்கொள்கிறோம்.

இந்த வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. சமூகப் பணியில் முதுகலை, அதற்கு மேல் மனநல சமூகப் பணியில் இரண்டு வருட எம்.ஃபில். என்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்லும் தகுதி. அதே சட்டம் குடி, போதைப் பொருள் சார்ந்த மனநலக் கோளாறையும் மனநோயோடு சேர்த்தே பார்க்கிறது. ஒரே வீட்டில் இரண்டும் இருப்பதைப் பார்த்தவர்களுக்கு அதில் ஆச்சரியமில்லை. சம்பளத்தைப் பற்றி நான் பெருமையாக எதுவும் சொல்லப்போவதில்லை. அப்புறம், குணமாக்கிவிட்டேன் என்று மார்தட்டவும் வாய்ப்பு குறைவு. ஆறு மாதம் குடிக்காதவர் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு மறுபடி வருவார். மறுபடி கேஸ் ஷீட் எடுப்போம்.

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது: "அவர் வரவே மாட்டேங்கிறார். நான் மட்டும் வரலாமா?" வரலாம். குடிப்பவர் குடும்பங்களுக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன, கட்டணம் கிடையாது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். யாருக்காகக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், எனக்காக என்று சொல்லுங்கள்.

வணக்கம்.