பாசியும் பீரங்கியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் வட்டாட்சியர் அவர்களே, மலைப்பாதையில் பேருந்து நின்றுபோனதால் பாதித் தூரம் நடந்தே வந்த கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய வணிகர் சங்கத்தாரே, நீலகிரிப் பெருமக்களே, வணக்கம்.

'பீட் நிலமும் போரும்' என்பது தலைப்பு. செத்த பாசியும் புல்லும் தண்ணீருக்குள் முழுக்க மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த கருஞ்சேறுதான் பீட். மூன்று செய்தி சொல்கிறேன்: பாசி, ஆறு, கண்ணிவெடி. சிறு துரும்பும் பல் குத்த உதவும். எந்த மேடையிலும் நான் இதைச் சொல்லாமல் இறங்கியதில்லை.

முதல் உலகப்போர். காயத்துக்கு வைத்துக் கட்டப் பஞ்சு போதவில்லை. பஞ்சுக்கு வெடிமருந்துச் சாலையிலும் கிராக்கி! எடின்பரோ அறுவை மருத்துவர் கேத்கார்ட், பீட் நிலத்து ஸ்பாக்னம் பாசியை வைத்துக் கட்டலாம் என்றார். உலர்ந்த பாசி தன் எடையைப் போல் இருபது மடங்குவரை நீரை உறிஞ்சும். அதன் புளிப்பில் கிருமி எளிதில் வளராது. அவ்வளவுதான், ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்திலும் ஊர் இறங்கிவிட்டது. பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் சேற்றில் நின்று சாக்குச் சாக்காய் அள்ளினார்கள். காயவைத்து, குச்சியும் வேரும் பொறுக்கி, மெல்லிய துணிப்பையில் அடைத்துத் தைத்தார்கள். 1918-ல் பிரிட்டனிலிருந்து மாதம் பத்து லட்சம் காயக்கட்டுகள் போயின! பீரங்கி போட்ட ஓட்டையைப் பாசி அடைத்ததய்யா! துரும்பு என்றேனே, இதுதான்.

அடுத்து ஆறு. உக்ரைன் தலைநகர் கீவை ஒட்டிய இர்பின் ஆற்றுச் சமவெளி பழைய பீட் சதுப்பு. சோவியத் காலத்தில் வாய்க்கால் வெட்டி, நீரைப் பம்பு வைத்து இறைத்து, வயலாக்கினார்கள். 2022 பிப்ரவரி இறுதியில் ரஷ்யப் படை நெருங்கியபோது உக்ரைனியரே கோசரோவிச்சி அணையை உடைத்தார்கள். வயல் மறுபடி சதுப்பாயிற்று. டாங்கி அதைக் கடக்க முடியவில்லை. டெமிடிவ் கிராமத்தில் வீடுகளின் நிலவறைக்குள் வெள்ளம், தலைநகர் தப்பியது.

மூன்றாவது, 1982-ல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய போரில் ஃபாக்லாந்துத் தீவுகளின் பீட்டில் புதைத்த கண்ணிவெடிகள். 2020-ல்தான் எடுத்து முடித்தார்கள். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், விட்டுவிடுகிறேன்.

நம் மலைக்கு வருகிறேன். இங்கேயும் பீட் இருக்கிறது. இருபதாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட மழைக்கும் வறட்சிக்கும் அதில் தடயம் இருப்பதை ஆய்வாளர்கள் படித்திருக்கிறார்கள். அந்த மலையில் சீகை மரத்தையும் தைலமரத்தையும் நட்டோம். சதுப்பில் வாய்க்கால் வெட்டித் தோட்டம் போட்டோம். இங்கே எந்தப் படையும் வரவில்லை, நாமேதான் செய்தோம். வட்டாட்சியர் ஐயா இருக்கும்போதே கேட்கிறேன்: மிச்சமுள்ள சதுப்புகளை அளந்து எல்லைக்கல் நடுங்கள், புது வாய்க்காலுக்கு அனுமதி கொடுக்காதீர்கள். மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்களுக்குத்தான் டீ.