காளானைக் கேலி பண்ணாதீங்க

நடுவர் ஐயா அவர்களே, ரெண்டு அணிப் பேச்சாளர்களே, அவையோர்களே, வணக்கம். 'ஆஸ்துமாவில் நோய் எதிர்ப்பாற்றலைச் சீராக்கச் சீன மூலிகை உதவுமா, உதவாதா?' உதவும்னு சொல்ல வந்திருக்கேன்.

எனக்கு முன்னாடி பேசின எதிரணித் தம்பி, "காளானைப் பிரியாணியில போடுங்க, மூச்சுக்குழாய்ல போடாதீங்க"ன்னு சொல்லிக் கைதட்டல் வாங்கிட்டுப் போயிட்டாரு. தம்பி, அந்தக் காளானுக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி உங்களைப் பீக்கிங் நகரத்துக்கு, அதாவது இன்னைக்கு பெய்ஜிங்குக்குக் கூட்டிட்டுப் போறேன்.

வருஷம் 1923. சென் கோ-குயின்னு ஒரு இளைஞர். அமெரிக்காவுல படிச்சு முடிச்சு, பீக்கிங் யூனியன் மருத்துவக் கல்லூரி மருந்தியல் துறையில சேர்ந்திருக்காரு. குடும்பத்துப் பெரியவர் ஒருத்தர்கிட்ட, "நம்ம மூலிகையில ரொம்ப வீரியமானது எது?"ன்னு கேக்குறாரு. பெரியவர் 'மா ஹுவாங்'னு சொல்றாரு. இலையே இல்லாத மாதிரி இருக்கிற பச்சைக் குச்சி. நாட்டுமருந்துக் கடையில வாங்கிட்டு வந்து கொதிக்க வைக்கிறாரு. மாணவர் பயிற்சிக்காக மயக்கம் கொடுத்திருந்த ஒரு நாயோட ரத்தக்குழாய்ல அந்தக் கஷாயத்தை ஏத்துறாரு. ரத்த அழுத்தம் ஏறுது. ஏறினது சட்டுனு இறங்கல, நிக்குது!

நல்லா கவனிங்க, மறுபடி சொல்றேன். மூச்சுக்குழாயை விரிக்கிற அட்ரினலினும் ரத்த அழுத்தத்தை இப்படித்தான் ஏத்தும். ஆனா அதை ஊசியில போடணும், கொஞ்ச நேரத்துல அடங்கிடும், வாயால சாப்பிட்டா வேலை செய்யாது. இந்தக் குச்சியில இருந்த எபிட்ரின்ங்கிற சத்து வாயால சாப்பிட்டாலும் வேலை செஞ்சுது, மணிக்கணக்குல நின்னுது. ஜப்பான்ல நாகாய் நாகாயோஷி 1885லயே அதைப் பிரிச்செடுத்துட்டாரு. எடுத்து என்ன? கண்பாவையை விரிக்கிற சொட்டுமருந்தாத்தான் உலகம் பார்த்துச்சு. சென்னும் அவரோட சேர்ந்து ஆய்வு செஞ்ச கார்ல் ஷ்மிட்டும் 1924ல ஆய்வை வெளியிட்ட பிறகுதான் ஆஸ்துமாக்காரங்க கைக்கு அது மாத்திரையா வந்துச்சு. நாட்டுமருந்துக் கடைக் குச்சி, தம்பி! அன்னைக்கு நீங்க இருந்திருந்தா "குச்சியை அடுப்புல போடுங்க"ன்னுதானே சொல்லியிருப்பீங்க?

"எபிட்ரின் குழாயை விரிக்கும், எதிர்ப்பாற்றலை எங்க சீராக்கும்?"னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அது மூச்சுக்குழாய் வீக்கத்தைத் தொடாது. இதயம் படபடக்கும், தூக்கம் கெடும். அமெரிக்கா 2004ல எபிட்ரா, அதாவது இந்த மா ஹுவாங் செடி கலந்த சப்ளிமென்ட்டுகளுக்குத் தடையே போட்டுச்சு. அதனாலதான் காளான் வருது.

ஒவ்வாமை ஆஸ்துமாவுல எதிர்ப்பாற்றல் குறையல, தப்பான பக்கம் சாஞ்சு நிக்குது. டிஎச்-2ங்கிற எதிர்ப்பாற்றல் செல்கள் ஐஎல்-4, ஐஎல்-5, ஐஎல்-13னு மூணு சமிக்ஞை அனுப்புது. முதல் ஒண்ணு ஒவ்வாமையைத் தூண்டுற ஐஜிஇயைக் கூட்டும், அடுத்தது வீக்கம் உண்டாக்குற ஈசினோஃபில் செல்களைக் கூப்பிடும், மூணாவது சளியைப் பெருக்கும். எதிர்ப்பக்கம் இன்டர்ஃபெரான்-காமாங்கிற சமிக்ஞை நின்னு இதை அடக்கணும். ஸ்டீராய்டு மாத்திரை என்ன பண்ணுது? ரெண்டு பக்கத்தையும் சேர்த்து அமுக்குது. குழம்புல உப்பு கூடிப்போச்சுன்னு அடுப்பையே அணைக்கிற மாதிரி.

இப்ப வாங்க, ஷாண்டோங் மாகாணத்து வைஃபாங் ஆஸ்துமா மருத்துவமனைக்கு. மிதமான, கடுமையான ஆஸ்துமா உள்ள 91 பேர். ஒரு பாதிக்கு 'ஆஷ்மி' மூலிகைக் கேப்சூலோட போலி ஸ்டீராய்டு. மறுபாதிக்கு தினம் 20 மில்லிகிராம் பிரெட்னிசோன்ங்கிற ஸ்டீராய்டோட போலி மூலிகை. யாருக்கு எதுன்னு நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஆஷ்மியில மூணே சரக்கு: லிங்ஷி காளான், கு ஷென் வேர், நம்ம அதிமதுரத்தோட கூடப்பிறந்த கான் சாவ் வேர். 20க்கு 9க்கு 3ங்கிற எடைக்கணக்கு. நாலு வாரம். 2005ல வெளிவந்த முடிவு இது: ஒரு வினாடியில ஊதித் தள்ளுற காத்தோட அளவு, ஆரோக்கியமானவர்கிட்ட எதிர்பார்க்கிற அளவுல, மூலிகைப் பக்கம் சராசரி 64.9 சதவீதத்துலேருந்து 84.2க்கு ஏறிச்சு. ஸ்டீராய்டுப் பக்கம் 65.2லேருந்து 88.4க்கு. ஸ்டீராய்டு கொஞ்சம் முந்திச்சு, ஒத்துக்கிறேன். ஆனா இன்டர்ஃபெரான்-காமா ஸ்டீராய்டுல குறைஞ்சுது, மூலிகையில கூடிச்சு. உடம்பு தானே சுரக்கிற ஸ்டீராய்டான கார்டிசோலும் அதே மாதிரி ஸ்டீராய்டுல குறைஞ்சுது, மூலிகையில கூடிச்சு. ஐஎல்-5, ஐஎல்-13 ரெண்டு பக்கமும் இறங்குச்சு. அதே ஐஎல்-5ஐப் பிடிக்கத்தான் இன்னைக்கு மெப்போலிசுமாப்னு விலையுயர்ந்த ஊசி போடுறாங்க. இதைச் சாதிச்ச கூட்டணியில எடைக்கணக்குல பாதிக்கு மேல பங்கு உங்க பிரியாணிக் காளானுக்கு!

"சீன மூலிகை சாப்பிட்டா சிறுநீரகம் போயிடும்"னு எதிரணி அம்மா பயமுறுத்தினாங்க. 1990களில் பெல்ஜியத்துல எடை குறைக்கிற மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு அது நடந்துச்சு, உண்மை. காரணம் என்ன? 'ஃபாங் ஜி'ங்கிற பேர்ல ரெண்டு செடி. ஸ்டெஃபானியா போட வேண்டிய இடத்துல சிறுநீரகத்தைக் கெடுக்கிற அரிஸ்டோலோக்கியா வந்து சேர்ந்துச்சு. மூட்டை திறந்து சோதிக்காத குத்தம் அது. ஆஷ்மியில அந்தச் செடியே கிடையாது. இன்னும் ஒண்ணு சொல்றேன், வீட்ல போய்ச் சொல்லுங்க. 'மூலிகை'ன்னு வர்ற ஆஸ்துமா மாத்திரை ரெண்டே நாள்ல அற்புதம் பண்ணுச்சுன்னா, உள்ளே டெக்சாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு கலந்திருக்கலாம், சோதிக்கக் கொடுங்க. மாசக்கணக்கா சாப்பிட்டுட்டு திடீர்னு நிறுத்துனா ஆபத்து. ரத்த அழுத்தக்காரங்களும், நீர் பிரியுற மாத்திரை சாப்பிடுறவங்களும் அதிமதுரத்தைத் தொடர்ந்து எடுத்தா பொட்டாசியம் இறங்கும், இதயத்துடிப்பு தடுமாறும். இன்ஹேலரை யாரும் கீழே வைக்காதீங்க. எங்க அணி அப்படிச் சொல்லவே இல்ல.

மணி அடிச்சிட்டீங்க ஐயா, முடிச்சிடுறேன். ஆஸ்துமாக் குழந்தைக்கு மூச்சு அதிகமா முட்டுறது விடியக்காலை நாலு மணி வாக்குல. நடுராத்திரியில உடம்போட சொந்தக் கார்டிசோல் அடிமட்டத்துக்குப் போயிருக்கும், அதுவும் ஒரு காரணம். அந்த நேரத்துல பிள்ளையை நெஞ்சுல சாய்ச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற அம்மாவுக்கு நம்ம ரெண்டு அணியும் வேண்டாம். வருஷக்கணக்கா ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு முகம் உப்பி, உயரம் நின்னுபோன பிள்ளையைப் பார்த்து அழுற அம்மா அவங்க. அந்தக் கார்டிசோலைக் குறைக்காத ஒரு மருந்து இருக்கலாம்னு 91 பேர் உடம்பு காட்டியிருக்கு. நாலு வாரம் போதாது, நாலு வருஷம் பாருங்க, பெரிய ஆஸ்பத்திரிகள்ல பாருங்க, குழந்தைகளுக்கும் பாருங்கன்னு கேக்க அந்த அம்மாவுக்கு உரிமை இருக்கு ஐயா. அவங்களுக்காகத் தீர்ப்பு சொல்லுங்க. நன்றி, வணக்கம்.