சாலையே தேவைப்படாத துரத்தல்

நேயர்களுக்கு வணக்கம். 1969இல் வந்த 'தி இத்தாலியன் ஜாப்' என்ற பிரிட்டிஷ் படத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். மைக்கேல் கெய்ன் தலைமையில் ஒரு கும்பல், இத்தாலியின் டூரின் நகரில் தங்கத்தைக் கொள்ளையடித்து, சிவப்பு, வெள்ளை, நீலம் என மூன்று மினி கூப்பர் குட்டிக் கார்களில் தப்புகிறது. அந்தத் துரத்தல் இன்றும் எனக்கு அலுக்கவில்லை.

மற்ற படங்களில் துரத்தலுக்குக் காலிச் சாலை வேண்டும். இந்தக் கும்பலோ முதலில் சாலைகளை அடைக்கிறது. போக்குவரத்தை இயக்கும் கணினியைக் குழப்பிவிட, ஊரே நகராமல் நிற்கிறது. நெரிசலில் மாட்டிக்கொண்ட எல்லோருக்கும், அப்படியே ஓரமாக ஏறிப் போய்விடலாமா என்று தோன்றியிருக்கும். அந்த ஆசையைத்தான் மினி நிறைவேற்றுகிறது. கடைகள் நிறைந்த கூடத்துக்குள் புகுகிறது, தேவாலயப் படிகளில் இறங்குகிறது, போ ஆற்றின் தடுப்பணையைக் கடக்கிறது. வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்காக வைத்து, சுமார் மூன்று மீட்டர் நீளத்துக்குள் அடக்கிய வண்டி அது. பெரிய காராக இருந்தால் இந்தக் காட்சியே இல்லை.

ஃபியட் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். டூரின் ஃபியட்டின் ஊர். எங்கள் கார்களையே வைத்துக்கொள்ளுங்கள், வேண்டிய அளவு தருகிறோம் என்றது அந்த நிறுவனம். படக்குழு மறுத்துவிட்டது, மினிதான் வேண்டும். அப்படியும் ஃபியட் கோபித்துக்கொள்ளவில்லை, படப்பிடிப்புக்கு உதவியது! அங்கே ஃபியட்டின் லிங்கோட்டோ ஆலை இருந்ததே, ஐந்து மாடி. அந்தக் காலத்தில் கீழே மூலப்பொருள் நுழைந்து, மாடி மாடியாக ஏறி, உச்சியில் முழுக் காராக வெளியே வந்தது. அங்கே மொட்டைமாடியிலேயே சோதனை ஓட்டப் பாதை. ஃபியட் தன் கார்களை ஓட்டிப் பார்த்த அந்த மாடியில், பிரிட்டிஷ் மினிகள் சீறுகின்றன. பிறகு ஒரு கூரையிலிருந்து இன்னொரு கூரைக்குப் பாய்கின்றன. ஓட்டியது பிரெஞ்சுக்காரரான ரெமி ஜூலியனின் சாகசக் குழு. கணினி வரைகலை இல்லாத காலம். பாய்ந்தது நிஜக் கார், உள்ளே நிஜ மனிதர். மறுபடியும் சொல்கிறேன், உள்ளே நிஜ மனிதர். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்கு மூச்சு நின்றுவிடும்.

சரி, நேரம் நெருங்கிவிட்டது. குவின்சி ஜோன்ஸின் இசைக்கு ஒரு தனி உரையே வேண்டும். சாக்கடைக் குழாய்க் காட்சி இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் எடுத்தது. அப்புறம் அந்த முடிவு: மலை விளிம்பில் பாதி வெளியே தொங்கும் கும்பலின் பேருந்து, ஒரு முனையில் தங்கம், மறுமுனையில் ஆட்கள். எப்படித் தப்பலாம் என்று ராயல் வேதியியல் கழகம் 2008இல் போட்டியே வைத்தது. வென்ற விடை ஜன்னல் கண்ணாடியை உடைப்பதில் தொடங்கி, டயர் காற்றை இறக்குவது, எரிபொருளை வடிப்பது என்று போகிறது. மீதியை நீங்களே யோசித்துப் பாருங்கள். நன்றி, வணக்கம்.